ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் சேர்த்தும் பிள்ளைக்கு எடை குறைகிறதே, இது சரிதானா?

தேனிக்காரி:
என் தங்கை மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து இளைத்துக்கொண்டே போய், கால் வீங்கியபோதுதான் அங்கன்வாடி அக்கா கையில் நாடா சுற்றி அளந்துவிட்டு (11 சென்டிமீட்டர்தான்) ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார். சேர்க்கும்போது 6 கிலோ 400, நாலு நாள் கழித்து 6 கிலோ 100! கொடுப்பதோ அரை டம்ளர் தண்ணிப் பால், அதுவும் ராத்திரியெல்லாம் எழுப்பி எழுப்பி. ரத்தம் கம்மி என்கிறார்கள், இரும்புச்சத்து டானிக் மட்டும் தரவில்லை. "பட்டினி போடவா அங்கே வைத்திருக்கிறாய், கூட்டி வா, நெய்ச்சோறு போட்டே தேற்றுகிறேன்" என்று அவள் மாமியார் தினமும் போனில். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாமா?

வார்டு அக்கா:
இப்போது கூட்டி வராதீர்கள். குறைந்தது சதை இல்லை, நீர். புறங்காலைக் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுங்கள், பள்ளம் முன்னைவிட ஆழம் குறைந்திருந்தால் வீக்கம் வடிகிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணிப் பாலுக்குப் பெயர் எஃப்-75. 100 மில்லியில் 75 கலோரி, புரதம் 1 கிராமைத் தொடாது, வேண்டுமென்றேதான் அப்படி. நாள்பட்ட பட்டினியில் இதயமும் கல்லீரலும் சிறுநீரகமும் மெதுவாக ஓடிப் பழகியிருக்கும், திடீரென்று நெய்ச்சோற்றை இறக்கினால் ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் சரிந்து இதயமே நின்றுவிடக்கூடும். அதனால் 6 கிலோ பிள்ளைக்கு 2 மணிக்கு ஒருமுறை 65 மில்லி போல. ராத்திரி விட்டால் விடிகாலையில் சர்க்கரை இறங்கி உடம்பு சில்லிட்டுப் போகும், அந்த நேரத்தில்தான் ஆபத்து. டானிக்கும் அப்படியே, கிருமித்தொற்று இருக்கும்போது இரும்பு கொடுத்தால் கெடுதல், எடை ஏற ஆரம்பித்த பிறகுதான் தருவார்கள். பசி வந்ததும் இதைவிடச் சத்துக் கூடிய எஃப்-100 பாலுக்கு மாற்றுவார்கள். அப்போது கிலோவுக்கு 10 கிராம், அதாவது ஒரு நாளைக்கு 60 கிராம் ஏறினால் நன்றாகத் தேறுகிறான் என்று அர்த்தம்.

இளமாறன்:
அக்கா சொன்னதோடு ஒன்று. சாப்பாடு மட்டும் போதாது, தங்கை அவனோடு பேசட்டும், விளையாடட்டும். 1948இல் ஜெர்மனியில் இரண்டு அனாதை இல்லங்களை எல்சி விடோசன் என்ற ஆய்வாளர் கவனித்தார். (கொஞ்சம் பெரிய பிள்ளைகள்தான்.) ஒரு இல்லத்துக்கு 6 மாதம் கூடுதலாக ரொட்டி, ஜாம், ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தும் அங்கே எடை சரியாக ஏறவில்லை, கூடுதல் எதுவும் கிடைக்காத மற்ற இல்லத்தில் ஏறியது! விசாரித்தால், சாப்பாட்டு நேரம் பார்த்துப் பிள்ளைகளைத் திட்டித் தீர்க்கும் கண்காணிப்பாளர் அம்மா அதே சமயத்தில் கூடுதல் சாப்பாடு கிடைத்த இல்லத்துக்கு மாறி வந்திருக்கிறார். அவருக்குப் பிடித்த சில பிள்ளைகள் மட்டும் நன்றாகத் தேறினார்களாம். மாமியார் போனை ஸ்பீக்கரில் போடாமல் இருப்பதும் வைத்தியம்தான் :)

தேனிக்காரி:
தங்கை அழுத்திப் பார்த்தாள், பள்ளம் குறைந்திருக்கிறது. இன்று டம்ளரை அவனே பிடித்து இழுத்தானாம்! ஆனால் வீட்டில் மூத்தவளைப் பார்க்க ஆள் இல்லை, இவளுக்குக் களை எடுக்கும் கூலியும் போகிறது. எத்தனை நாள் வைப்பார்கள்?

வார்டு அக்கா:
பெரும்பாலும் 2, 3 வாரம். கூட இருக்கும் தாய்க்குச் சாப்பாடும் கூலி இழப்புக்கு ஒரு தொகையும் உண்டு, கேட்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சில இடங்களில் சொல்லவே மாட்டார்கள். வீட்டுக்குப் போன பிறகும் 15 நாளுக்கு ஒருமுறை எடை பார்க்கக் கூப்பிடுவார்கள். அதை விட்டவர்கள்தான் மறுபடி வந்து படுக்கிறார்கள், அதனால் தேதியை மாமியாரிடமே சொல்லி வையுங்கள்.