ஏ.எம்.வி. பிடிக்கிறது, அனிமே தொடரில் மனம் நிற்கவில்லை: எதிலிருந்து தொடங்கலாம்?

மதுரை தல்லாகுளத்தில் வசிக்கும் எனக்கு, ரசிகர்கள் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) காட்சிகளைப் பாடலின் தாளத்துக்கேற்ப வெட்டித் தொகுக்கும் ஏ.எம்.வி. (அனிமே மியூசிக் வீடியோ) காணொளிகள் மிகவும் பிடிக்கும். ஆனால் மூலத் தொடரைப் பார்க்க அமர்ந்தால், கடந்த கோடை விடுமுறையிலிருந்தே, கவனம் நிற்பதில்லை. 220 அத்தியாயங்கள் கொண்ட நருடோவைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். 26 அத்தியாயங்களே உள்ள கவ்பாய் பீபாப்பை ஜப்பானிய ஒலியில் சப்டைட்டிலுடனும், பின்னர் ஆங்கிலக் குரலிலும் முயன்றேன். சண்டைக் காட்சிகளில் உற்சாகம் பிறக்கிறது. உரையாடல் நீண்டதும் கை தானாகவே கைப்பேசியைத் தேடுகிறது. 1982இல் இரண்டு விசிஆர்களை (வீடியோ கேசட் பதிவுக் கருவிகளை) இணைத்து உருவாக்கப்பட்ட தொடக்ககால ஏ.எம்.வி. முதலே இக்கலை மூலத் தொடர்களை நம்பி வளர்ந்திருப்பதால், அவற்றை முழுமையாக அறியாமல் விட எனக்கு மனமில்லை. இசையே கதையை நடத்திச் செல்லும், 13 அத்தியாயங்களுக்கு மிகாத எந்த அனிமேயிலிருந்து நான் தொடங்கலாம்?