நீலத் தொட்டிக்குள் கெட்டுப்போவதற்கு ஒரு சொல் வேண்டும்

மாலதி (சிங்கப்பூர்):
கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் புளோக் குடியிருப்பாளர்களுக்காக நான்கு மொழிகளில் துண்டறிக்கை போடுகிறோம். தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'கண்டாமினேஷன்' (contamination, அதாவது சேரக்கூடாதது சேர்ந்து மற்றதைக் கெடுப்பது) என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

இங்கே தேசிய மறுபயனீட்டுத் (ரீசைக்கிளிங்) திட்டம் 2001-ல் வந்தது. தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாமே ஒரே நீலத் தொட்டிக்குள்தான். வீட்டில் தரம் பிரிக்கும் வேலை இல்லை, அது வசதி. ஆனால் யாராவது பாதி குடித்த பபிள் டீயைப் போட்டுவிட்டால், அடியில் கிடக்கும் நாளிதழ்க் கட்டு முழுக்க ஊறிவிடும். அப்புறம் அது எரியாலைக்குத்தான். தொட்டியில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு இப்படி உதவாமல் போகிறது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் 2018-ல் 22 விழுக்காடு, 2024-ல் 11. 2030-க்கான இலக்கோ 30. எரித்த சாம்பல் போகும் செமக்காவ் தீவுக் குப்பைக்கிடங்கு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். சொல் சரியாக அமைய வேண்டும் என்ற கவலை அதனால்தான்.

முருகேசன் (மதுரை):
மாசுபாடு. இதற்கு எதற்குத் தனிச் சொல்?

மாலதி:
ஐயா, மாசு என்றால் இங்கே புகைமூட்டம்தான் நினைவுக்கு வரும். கழுவாத குழம்பு டப்பா வராது.

சிவகுமார் (யாழ்ப்பாணம்):
அதற்கு முன் ஒன்று. 'மறுபயனீடு' என்பதை நாங்கள் மீள்சுழற்சி என்போம், தமிழ்நாட்டில் மறுசுழற்சி. பயனீடு என்றால் அதே போத்தலைக் கழுவித் திரும்பப் பாவிப்பது என்றுதானே விளங்கும்? உருக்கி வேறு பொருள் செய்வதற்கு அது பொருந்துமா?

மாலதி:
அண்ணா, தொட்டியிலும் செய்தியிலும் பல ஆண்டாக அதுதான் இருக்கிறது. இந்த ஒரு தாளில் மட்டும் மாற்றினால் படிப்பவர் குழம்புவார்.

தமிழண்ணல் (கோவை):
வள்ளுவர் தந்த சொல் இருக்கும்போது ஏன் தேடுகிறீர்கள்? 'நிலத்தியல்பால் நீர்திரிந்து' என்கிறார். சேர்ந்த இடத்தால் தன்மை மாறுவதுதான் திரிதல். பால் திரிந்துவிட்டது என்று இன்றும் வீட்டில் சொல்கிறோம். எனவே 'திரிபு'. இன்னும் பாருங்கள்: திரி என்பதற்குச் சுழல் என்ற பொருளும் உண்டு. திரிகைக் கல்லுக்குப் பெயர் வந்தது அதனால்தான். விளக்குத் திரியும் முறுக்கப்பட்டதே. சுழற்சி, கெடுதல் இரண்டுமே ஒரே வேரில் கிடைக்கின்றன!

கவிதா (சென்னை, ஆசிரியை):
ஐயா, நயமான விளக்கம். ஆனால் சுழற்சியையும் அதன் கேட்டையும் ஒரே சொல் குறித்தால் துண்டறிக்கை படிப்பவர் எதைப் பிடிப்பார்? மேலும் பொன், குடம் சேர்ந்து பொற்குடம் ஆவதும் திரிதல்தான். அங்கே எதுவும் கெடவில்லையே. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரிபு என்றால் புணர்ச்சி விதிதான்.

முருகேசன்:
தொட்டதும் கெடுகிறது என்ற பொருளில் 'தீட்டு' பொருந்துமே?

கவிதா:
வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லை வைத்து மனிதரைத் தள்ளிவைத்த வரலாறு நமக்கு உண்டு. குப்பை அள்ளுகிறவரும் படிக்கப்போகும் தாளில் அது வரக்கூடாது.

முருகேசன்:
நியாயம். விட்டுவிடுகிறேன். அப்படியானால் 'கலப்படம்'? எல்லாருக்கும் புரியும்.

சிவகுமார்:
கலப்படம் என்றால் ஏமாற்ற வேண்டும் என்றே செய்வது, பாலில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. இங்கே பலர் நல்ல எண்ணத்தில்தான் பழைய சப்பாத்தையும் (காலணி) துணியையும் நீலத் தொட்டியில் போடுகிறார்கள். அவர்களைக் குற்றவாளி ஆக்கக்கூடாது. சீர்கேடு, முறைகேடு போல 'கலப்புக்கேடு' என்று வைக்கலாமே. கலந்ததால் வந்த கேடு.

கவிதா:
எனக்குச் சம்மதம். கெடு, கேடு என்று முதனிலை நீண்டு வருகிறது, அமைப்பும் சுத்தம். ஆனால் மாலதி, பெயர்ச்சொல்லை மட்டும் நம்பாதீர்கள். கீழேயே ஒரு வரி போடுங்கள்: 'சாப்பாட்டு டப்பாவை ஒருமுறை அலசி, நீர் வடித்துப் போடுங்கள். கை துடைக்கும் தாளும் நுரைப் பெட்டியும் வேண்டாம்.' அந்த வரிதான் வேலை செய்யும்.

மாலதி:
நன்றி அக்கா. இரண்டையும் போடுகிறேன். தலைப்பில் கலப்புக்கேடு, கீழே அந்த வரி. மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

முருகேசன்:
மாசுபாடே போதும் என்பது என் கருத்து. தடுக்கவில்லை.

தமிழண்ணல்:
துண்டறிக்கைக்குச் சரி. நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற நான் உடன்பட மாட்டேன். தாள் நனைந்து கெடுவது ஒன்று, சேரக்கூடாத சப்பாத்து வந்து விழுவது வேறொன்று. சப்பாத்து எதையும் கெடுக்கவில்லை, பிரிப்பவருக்கு வேலைதான் கூடுகிறது. இரண்டையும் ஒரு பெயரில் அடக்கியது ஆங்கிலம். நாம் ஏன் அடக்க வேண்டும்? முன்னதற்குத் திரிபு, பின்னதற்கு 'அயற்பொருள்' என்று தனித் தனியாக முன்மொழிகிறேன். அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.