மலைப்பயணத்தில் வாக்கி டாக்கி எவ்வளவு தூரம் எட்டும்?

கேள்வி:
கைபேசித் தொடர்பு இல்லாத மலைப்பாதையில் நாங்கள் எட்டுப் பேர் இரு குழுக்களாக நடக்கவிருக்கிறோம். பெட்டியில் 30 கிலோமீட்டர் என்று அச்சிட்டிருந்த வாக்கி டாக்கியைச் சோதித்தபோது, இரண்டு தெருக்களைத் தாண்டியதும் வெறும் இரைச்சலே கேட்டது. கருவி பழுதா?

மறுமொழி 1:
பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. வாக்கி டாக்கியின் வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால், அந்த 30 கிலோமீட்டர் என்பது தடையேதுமின்றி ஓர் உச்சியிலிருந்து மற்றோர் உச்சிக்குப் பேசும்போது மட்டுமே கிடைக்கக்கூடியது. கட்டடங்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்லது. கூடுதல் வாட் (ஒலிபரப்பும் திறன்) கொண்ட கருவிக்குச் செலவழிப்பதைவிட, சற்று மேடேறி, ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடித்துப் பேசிப் பாருங்கள். பொத்தானை அழுத்தியபின் ஒரு நொடி பொறுத்துப் பேசுவதும் அவசியம். ஒருமுறை நான் அவசரத்தில் "இடப்பக்கம் திரும்புங்கள்" என்றதில் முதற்சொல் விழுங்கப்பட்டு, "திரும்புங்கள்" என்பது மட்டும் கேட்க, பின்னால் வந்தவர்கள் வந்த வழியே திரும்பிவிட்டார்கள்!

மறுமொழி 2:
அதிக தூரம் வேண்டுமெனில் தேர்வெழுதி அமெச்சூர் வானொலி (தனிநபர்கள் ஆர்வத்துக்காக இயக்கும் வானொலித் தொடர்பு) உரிமம் பெறலாம். உயரத்தில் நிறுவப்பட்ட ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்பதை மற்றொன்றில் மறு ஒலிபரப்புவதால், 5 வாட் கைக்கருவியின் குரலும் குன்றைத் தாண்டிப் போகும். பொழுதுபோக்காகவும் இது சுவையானது: சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ஒலிபரப்பை 145.800 மெகாஹெர்ட்ஸில் நானே கேட்டிருக்கிறேன். பயணத்துக்கு ஒன்று: மணிக்கொருமுறை முதல் ஐந்து நிமிடங்கள் மட்டும் கருவியை இயக்குவதென முன்கூட்டியே பேசிக்கொண்டால், மின்கலம் அவசரத்துக்கு மிஞ்சும்.

கேட்டவர்:
நன்றி. இன்று மொட்டைமாடியிலிருந்து மீண்டும் சோதித்தேன். ஏரிக்கரை வரை தெளிவாகக் கேட்டது.