ஊசி பயம், தண்ணீர் பயம், பாம்பு பயம்: ஹிப்னோதெரபி எதுவரை உதவும்? (அனுபவப் பகிர்வு)

உளவியல் ஆலோசகர், கும்பகோணம்

கடிகாரத்தை ஆட்டுவார்கள், தூங்கிவிடுவோம், எழுந்தால் பயம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் ஹிப்னோதெரபிக்கு, அதாவது மனோவசிய முறையில் செய்யும் சிகிச்சைக்கு, வருகிறார்கள். ஆள் தூங்குவதே இல்லை. வெளியே டவுன் பஸ் ஹாரன் அடிப்பது காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

முதல் சந்திப்பில் ஹிப்னாஸிஸ் கிடையாது, முழுக்கப் பேச்சுதான். எதைக் கண்டால் பயம், அதைத் தவிர்க்க என்னென்ன செய்கிறார், வலிப்பு உண்டா, காதில் குரல் கேட்கிறதா என்று எல்லாம் கேட்க வேண்டும். மனச்சிதைவு இருந்தால் இந்த முறை வேண்டாம். வலிப்பு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. பிறகு பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போடச் சொல்லி, குறைந்த பயத்திலிருந்து அதிக பயம் வரை பத்துப் படி எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த சந்திப்பில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒரு புள்ளி. இமை கனக்கும்வரை அதையே பார்க்க வேண்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். பத்திலிருந்து கீழே எண்ணி, உடம்பு தளர்ந்ததும் முதல் படியை மனதில் காட்சியாகக் கொண்டுவருவோம். பயம் ஏறினால் ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். தூக்கியதும் காட்சியை விட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அதே காட்சியை விரல் எழாமல் பார்க்க முடிந்த பிறகுதான் அடுத்த படி. கடைசியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி எழுப்பி, பத்து நிமிஷமாவது உட்காரவைத்துவிட்டுத்தான் பைக் சாவியைக் கொடுக்க வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். நாற்காலியில் 80 மார்க் 20 ஆகிவிட்டது, பயம் போச்சு என்று நிறுத்திவிடுகிறார்கள். நிஜத்தைப் பார்த்ததும் மார்க் திரும்ப ஏறிவிடுகிறது. மனநல மருத்துவர் ஜோசப் உல்பி பயத்தைக் குறைக்க 1958-ல் எழுதிய முறையும் தளர்வும் கற்பனைப் படிகளும்தான். ஆனால் குறிப்பிட்ட பொருள் மேல் வரும் பயத்துக்கு, அதை நேரில் படிப்படியாக எதிர்கொள்வதுதான் அதிகம் பலன் தருகிறது. ஹிப்னாஸிஸ் அந்த நேர்ப் படிக்குப் போகத் துணிச்சல் தரும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பயத்தின் வேரைத் தேடுகிறேன் என்று முன்ஜென்மத்துக்குக் கூட்டிப்போகிறவர்களிடம் மாட்டாதீர்கள். அந்த நிலையில் கேட்கிற கேள்வியே நடக்காத ஒன்றை நினைவாக்கிவிடும். பணம் போவதோடு குடும்பத்தில் சண்டையும் வரும்.

மனநலப் பிரிவு செவிலியர், தஞ்சாவூர்

சார் சொன்ன தளர்வு முறையை ஊசி, ரத்தம் பார்த்து மயங்குறவங்களுக்கு அப்படியே செஞ்சிடாதீங்க. மத்த பயத்துல நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும், அதனால மயக்கம் வர்றது அபூர்வம். இதுல மட்டும் முதல்ல ஏறிட்டு, அப்புறம் பிரஷரும் நாடித்துடிப்பும் சட்டுனு விழும். அந்த நேரத்துல "உடம்பைத் தளர விடுங்க"ன்னு சொன்னா இன்னும் சீக்கிரம் விழுவாங்க.

இதுக்கு முறுக்கிப் பிடிக்கிற பயிற்சி இருக்கு. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரன் ஓஸ்ட் 1980-கள்ல உருவாக்கினது. உட்கார்ந்தபடி கை, கால், வயித்துத் தசையை 10 முதல் 15 விநாடி இறுக்கணும். முகத்துல சூடு ஏறுறது தெரியும், அதுதான் அளவு. அப்புறம் 20 முதல் 30 விநாடி விடணும். துவள விடக் கூடாது, சாதாரண நிலைக்கு வந்தா போதும். இப்படி ஐந்து தடவை சேர்ந்தா ஒரு சுற்று. ஒரு நாளைக்கு ஐந்து சுற்று, ஒரு வாரம் வீட்ல பழகிட்டுத்தான் ஊசி பக்கம் வரணும்.

பழகினவங்களும் சொதப்புற இடம் மூணு. மூச்சை அடக்கிக்கிட்டு இறுக்குறாங்க, அது தலைசுத்தலைக் கூட்டும். ஊசி போடப்போற கையையும் சேர்த்து இறுக்குறாங்க, வலி அதிகமாகும். அந்தக் கை மட்டும் தொய்வா இருக்கணும். மூணாவது, காலை டிபன் சாப்பிடாம வர்றது. வெறும் வயித்துல எடுக்கவேண்டிய ரத்தம் இல்லைன்னா இட்லி சாப்பிட்டுட்டு, தண்ணி நல்லா குடிச்சிட்டு வாங்க. வெறும் வயித்துலதான் எடுக்கணும்னா படுத்துக்கிட்டே எடுக்கச் சொல்லிக் கேளுங்க, எந்த நர்சும் மறுக்க மாட்டாங்க. வியர்த்து, காது அடைச்சு, கண் மங்குறது விழப்போறதுக்கு அடையாளம். உடனே படுக்கவெச்சு காலைத் தூக்கி வைக்கணும்.

இதய நோய், கட்டுப்படாத பிரஷர், கர்ப்பம் இருந்தா டாக்டரைக் கேட்காம இந்தப் பயிற்சி வேண்டாம்.

நீச்சல் பயிற்சியாளர், மயிலாடுதுறை

தண்ணீர் பயத்துக்கு ஏணி நம்ம ஊரிலேயே கட்டிவைத்திருக்கிறது: படித்துறை. காவிரித் துலாக் கட்டம் மாதிரி இடத்தில் கோடையில், மேட்டூர் திறப்பதற்கு முன்னால், ஆறு மணலாகக் கிடக்கும்போதே ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு படியாக இறங்கி மணலில் நிற்பதற்கே சிலருக்கு 40 மார்க் வரும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு, மேல்படியில் உட்கார்ந்து பார்ப்பது, பாதம் நனைப்பது, கணுக்கால். ஆற்றில் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். பாசி வழுக்கும், மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கு அடியில் தெரியாது, மேலே திறந்துவிட்டால் மட்டம் ஏறும். முழங்கால், இடுப்பு, முகம் நனைப்பது எல்லாம் நீச்சல் குளத்தில், ஆளை வைத்துக்கொண்டு.

ஒவ்வொரு படிக்கும் முன்னால் "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "தலை சுற்றி விழுந்துவிடுவேன்" என்று எழுதியவர், விழாமல் நின்றுவிட்டு அதைப் படிக்கும்போதுதான் மாற்றம் பிடிக்கிறது. மார்க் உச்சத்தில் இருக்கும்போது ஏறி ஓட விடக் கூடாது. ஓடினால் "ஓடியதால் தப்பித்தேன்" என்று மனசு கற்றுக்கொள்ளும். அதே மாதிரி, தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுக்கிற மாமாக்களைக் கரையோடு நிறுத்திவையுங்கள். சொல்லாமல் தள்ளினால் பழைய பயத்தோடு ஆள் மேல் நம்பிக்கையும் போகும்.

பயம் தெளியத் தாயத்து, மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். பிடுங்க வேண்டாம். ஆனால் தைரியத்துக்கான பேர் முழுவதும் கயிற்றுக்குப் போய்விட்டால் கயிறு அறுந்த அன்று பயம் திரும்பும். அதனால் கடைசிப் படிகளில் கயிற்றைக் கழற்றிவைத்தும் ஒரு தடவை செய்யச் சொல்வது நல்லது. பதற்றத்துக்குப் போடும் மாத்திரைக்கும் இதேதான், ஆனால் அதைக் குறைப்பது டாக்டர் வேலை.

வேளாண் கள அலுவலர், திருவாரூர்

பாம்பு பயத்தில் ஒன்று மட்டும். இங்கே ராத்திரி வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவருக்கு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன் நிஜமான ஆபத்து. பயத்தை சுத்தமாகத் துடைப்பது நோக்கம் இல்லை. படம், வீடியோ, ரப்பர் பாம்பு, பிறகு கிண்டி பாம்புப் பண்ணையில் கண்ணாடிக்கு அப்பால் உயிருள்ளது. உயிருள்ள பாம்பைக் கையில் கொடுத்துப் பழக்குகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிப் பாம்பைப் பிடிப்பதே குற்றம். முழங்கால் பூட்ஸ், டார்ச், தரையைத் தட்டிக்கொண்டே போகக் கம்பு, இவற்றோடு வரப்பில் நடக்க முடிந்தால் சிகிச்சை முடிந்தது. பூட்ஸும் டார்ச்சும் தாயத்துக் கணக்கில் சேராது, அவற்றைக் கடைசிவரை விடக் கூடாது.

மனநல சமூகப் பணியாளர், நாகப்பட்டினம்

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்தவருக்குக் கடல் பயம் என்றால் நேரே கரைக்குக் கூட்டிப்போகாதீர்கள். கெட்ட கனவு, அந்தச் சத்தம் திரும்பக் கேட்பது, சின்ன சத்தத்துக்கே தூக்கிவாரிப்போடுவது இருந்தால் அது வெறும் கடல் பயம் இல்லை, அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு. அதற்கு வேறு சிகிச்சை: அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு சிகிச்சை, அல்லது அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1980-களின் கடைசியில் கொண்டுவந்த, விரல் அசைவைக் கண்ணால் தொடர்ந்தபடி நினைவைக் கையாளும் ஈஎம்டிஆர்.

யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் 14416 டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தனியாரிடம் போனால், மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். "ஒரே சிட்டிங்கில் முடியும்" என்றால் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். செவிலியர் அக்கா சொன்னாரே ஓஸ்ட், அவருக்கு ஒரே அமர்வில் முடிக்கிற முறையும் உண்டு, அது நிஜம்தான். ஆனால் அது மூன்று மணி நேரம் வரை பயப்படும் பொருளோடு நேரில் பழக்குவது, கண்ணை மூடிப் படுப்பது அல்ல. படித்துறைக்கோ ஊசி அறைக்கோ கூட வருவாரா, அல்லது அந்தப் படிகளை வீட்டுப் பாடமாக எழுதியாவது தருவாரா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.