நிம்பஸ் அணைக்குக் கீழே ஓடுவது எந்த ஆற்று மீன்?

ஆற்றோரன்:
கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகருக்குள் ஓடும் அமெரிக்கன் ஆற்றைப் பற்றி நண்பர் ஃபோல்சம்வாசி இங்கே நேற்று ஒரு வரி எழுதியிருந்தார். மீன்முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கும் நிம்பஸ் பொரிப்பகம் இல்லாவிட்டால் இந்த ஆற்றின் சொந்த ஸ்டீல்ஹெட் இனம் என்றோ அழிந்திருக்கும் என்பது அவருடைய வாதம். அதற்கு நாற்பது பேர் விருப்பக்குறி வேறு இட்டிருக்கிறார்கள். வானவில் ட்ரவுட் மீனே கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பினால் அதை ஸ்டீல்ஹெட் என்கிறோம் என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பொரிப்பகத்தின் தாய்மீன்கள் எங்கிருந்து வந்தன என்பது மட்டும் தெரியவில்லை. 1955இல் பொரிப்பகம் தொடங்கிய பிறகு, வடக்கே தனியாகப் பசிபிக் கடலில் போய்க் கலக்கும் ஈல் ஆற்றிலிருந்து முட்டைகள் கொண்டுவரப்பட்டன. ஈல் ஆற்றுக்கும் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்குக்கும் நீர்த் தொடர்பே கிடையாது. வந்த முட்டையில் வளர்ந்ததை "சொந்த இனம்" என்று எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

ஃபோல்சம்வாசி:
என் பெயரைச் சொல்லித் தனி இழையே திறந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. ஃபோல்சம் அணையும் நிம்பஸ் அணையும் எழும்பிய பிறகு, மலையடிவாரத்துக்கு மேலே போய் முட்டையிட்டுக்கொண்டிருந்த மீன்களுக்கு 23 மைல் கீழாறு மட்டுமே மிஞ்சியது. அந்த இழப்புக்கு ஈடாகத்தான் கூட்டரசின் நீர்மேலாண்மைத் துறை பணம் கொடுக்க, மாநில மீன்வளத் துறை பொரிப்பகத்தை நடத்துகிறது. ஆண்டுக்கு 430,000 ஓராண்டுக் குஞ்சுகளை ஆற்றில் விட வேண்டும் என்பது இலக்கு. எழுபது ஆண்டுகளாக இந்தத் தண்ணீரிலேயே பிறந்து, கோல்டன் கேட் நீரிணை வழியாகக் கடலுக்குப் போய், அதே வழியாக இங்கேயே திரும்பும் மீனை "இந்த ஆற்று மீன் அல்ல" என்று சொல்ல நீங்கள் யார்? குடியுரிமைச் சான்றிதழ் கேட்பீர்கள் போலிருக்கிறதே.

ஆற்றோரன்:
நான் யாருமில்லை ஐயா. அமெரிக்கக் கடல் மீன்வளத் துறையே அப்படித்தான் சொல்கிறது. சாக்ரமெண்டோவும் அதன் துணையாறுகளும் அடங்கிய மத்தியப் பள்ளத்தாக்கின் ஸ்டீல்ஹெட் 1998இல் அழிவு அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. 2006இல் அந்த அறிவிப்பைப் புதுப்பித்தபோது கோல்மன் பொரிப்பகத்து மீன்களையும் ஃபெதர் ஆற்றுப் பொரிப்பகத்து மீன்களையும் பாதுகாப்புக்குரிய இனத்துக்குள் சேர்த்தார்கள். நிம்பஸ் மீனை வெளியே நிறுத்தினார்கள். காரணம், ஈல் ஆற்று முட்டை. எழுபது ஆண்டுகள் கழித்தும் அது ஈல் ஆற்று முட்டைதான்.

தூண்டில்மணி:
இருவரும் ஆற்றுக்குள் கால் வைத்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. 2023இலும் 2024இலும் சால்மன் பிடிக்கவே தடை. குளிர்காலத்தில் எங்களுக்கு மிஞ்சியிருப்பது ஸ்டீல்ஹெட் ஒன்றுதான். ஜனவரி முதல் தேதி கீழாற்றின் மேற்பகுதி மீன்பிடிக்கத் திறக்கும்போது, சேலர் பார் கரையில் விடியுமுன்பே தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் எவரும் மீனிடம் பூர்விகம் விசாரிப்பதில்லை. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டு, அந்த இடம் தழும்பாக ஆறியிருந்தால் அது பொரிப்பக மீன், வைத்துக்கொள்ளலாம். துடுப்பு முழுதாக இருந்தால் அது காட்டு மீன், தண்ணீரை விட்டுத் தூக்காமலே விட்டுவிட வேண்டும். சட்டம் அவ்வளவு எளிமையானது. அதற்கு மேல் எதற்கு இந்த ஆராய்ச்சி?

ஆற்றோரன்:
தூண்டில்மணி அவர்களே, நீங்கள் "காட்டு மீன்" என்று பக்தியோடு விட்டுவிடுகிறீர்களே, அதன் பாட்டியும் ஈல் ஆற்று முட்டையிலிருந்து வந்தவளாகத்தான் இருப்பாள். பொரிப்பகத்துக்குள் ஏறாமல் ஆற்றுக் கூழாங்கல்லிலேயே முட்டையிட்டுவிடும் பொரிப்பக மீன்களின் குஞ்சுகளுக்கு யாரும் துடுப்பு வெட்டுவதில்லை. மரபணுவைப் பார்த்தவர்கள், அமெரிக்கன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் தானாகப் பிறக்கும் மீன்களும் கடற்கரை ஆறுகளின் மீன்களோடுதான் ஒட்டி நிற்கின்றன என்று சொல்லிவிட்டார்கள். துடுப்பு இருப்பதால் பூர்விகம் மாறிவிடாது.

கூழாங்கல்:
நீங்கள் எல்லோரும் முட்டை எங்கிருந்து வந்தது என்று பேசுகிறீர்கள். முட்டை மீது தண்ணீர் இருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. 2014 ஜனவரியில் வறட்சியால் ஃபோல்சத்திலிருந்து திறந்துவிடும் அளவை வினாடிக்கு 500 கன அடியாகக் குறைத்தபோது, சால்மன் தோண்டிய முட்டைக்குழிகள் வெயிலில் காய்ந்து கிடந்தன. அதே ஆண்டுக் கோடையில் பொரிப்பகத்துத் தண்ணீரே சூடேறிப் போக, குஞ்சுகளை உரிய காலத்துக்கு முன்பே ஆற்றில் விட வேண்டியதாயிற்று. கோடையில் வாட் அவென்யூ பாலத்தடியில் தண்ணீர் 65 பாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அணையின் அடியில் குளிர்நீர் தீர்ந்துவிட்டால் அந்த இலக்கு காகிதத்தோடு சரி. அதைத் தாண்டிய ஆண்டுகளில் ஆற்றுக் குஞ்சுகளின் மலத்துளை சிவந்து வீங்கியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சூட்டில் வெந்துகொண்டிருக்கும் குஞ்சின் குலம் கோத்திரம் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்?

ஆற்றோரன்:
தண்ணீர்ப் பிரச்சினையை நான் மறுக்கவே இல்லை. ஆனால் இந்த இழையின் தலைப்பு தண்ணீர் அல்ல. ஈல் ஆற்றின் குளிர்கால மீன், ஈரமும் மூடுபனியும் நிறைந்த கடற்கரைக்கெனப் பழகியது. மத்தியப் பள்ளத்தாக்கின் கோடையைத் தாங்கிப் பழகிய சொந்த இனம் இருந்திருந்தால், நீங்கள் சொல்லும் சூட்டையே அது வேறு விதமாக எதிர்கொண்டிருக்கலாம். ஆக, எங்கே சுற்றினாலும் ஈல் ஆற்று முட்டைக்குத்தான் வந்து சேர்கிறோம்.

ஃபோல்சம்வாசி:
"இருந்திருந்தால்", "இருக்கலாம்"! பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் இனி என்ன பேசுவது. அந்த ஈல் ஆற்றிலேயே ஸ்டீல்ஹெட் 2000ஆம் ஆண்டு முதல் அச்சுறுத்தலுக்குள்ளான பட்டியலில் இருக்கிறது. அங்கே அருகிவிட்ட மீன் இங்கே ஆயிரக்கணக்கில் ஏறி வருகிறது என்றால், அதைக் காப்பாற்றிய பொரிப்பகத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமா, வழக்குப் போட வேண்டுமா?

நீலமலை:
நான் உதகைக்காரன் என்பதால் ஒரு கேள்வி. அவலாஞ்சியில் 1907இல் வில்சன் என்ற ஆங்கிலேயர் ட்ரவுட் பொரிப்பகம் அமைத்தார். இதே வானவில் ட்ரவுட் இனம்தான் இன்றும் எங்கள் நீலகிரி ஓடைகளில் நீந்துகிறது. நூறாண்டு கடந்த பிறகும் எங்கள் ஊரில் அதை யாரும் நீலகிரியின் சொந்த மீன் என்று சொல்லிக்கொள்வதில்லை. அங்கே மட்டும் எழுபது ஆண்டிலேயே சொந்தமாகிவிட்டது எப்படி?

ஃபோல்சம்வாசி:
நீலகிரியில் அதற்கு முன் ட்ரவுட் என்ற ஒன்றே கிடையாது. இந்த ஆற்றில் இதே இனம் காலங்காலமாக இருந்தது. நிசெனான் பழங்குடியினர் இந்தக் கரையில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். இரண்டையும் ஒன்றாக்குவது விடிய விடியக் கதை கேட்டுச் சீதைக்கு ராமன் சித்தப்பன் என்பதுபோல் இருக்கிறது.

ஆற்றோரன்:
மிக்க நன்றி. உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. நிசெனான் மக்கள் பிடித்தது ஈல் ஆற்று முட்டையில் வந்த மீன் அல்லவே!

தூண்டில்மணி:
கூழாங்கல் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முட்டைக்குழிகளைப் பற்றி இவ்வளவு உருகுகிறவர், சன்ரைஸ் பகுதியில் முட்டைக்குழிகள் நிறைந்த ஆழமற்ற ஓட்டத்தின் குறுக்கே நடந்து எதிர்க்கரைக்குப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிப்ரவரி மாதத்தில் மற்ற கற்களைவிட வெளுத்து, பளிச்சென்று கழுவிவிட்டாற்போல் இருக்கும் கல்பரப்புதான் முட்டைக்குழி என்று அவருக்கு நானா விளக்க வேண்டும்?

கூழாங்கல்:
நான் நடந்தது முழங்கால் ஆழத்தில், பாசி படிந்த பழைய கல்லின் மேல். அங்கே முட்டைக்குழி எதுவும் இல்லை. துடுப்பு வெட்டப்படாத மீனை மார்பில் அணைத்துக்கொண்டு, தண்ணீருக்கு வெளியே படம் எடுத்து, சென்ற குளிர்காலத்தில் இதே தளத்தில் போட்டவர் யார் என்பதைப் பழைய பக்கங்களைப் புரட்டினால் எல்லோரும் பார்க்கலாம். சட்டம் எளிமையானது என்று சற்று முன் எழுதியவர்தான் அவரும்.

தூண்டில்மணி:
அந்தப் படத்தில் மீனின் வால் தண்ணீருக்குள்தான் இருந்தது. பொறாமைக்கு மருந்து கிடையாது.

ஆற்றோரன்:
உங்கள் கரைச்சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பொரிப்பகத்தை மூடச் சொல்லவில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை பொரிப்பகத்தின் படிநீர் ஏணியில் ஏறி வரும் மீன்களின் வயிற்றைத் தடவிச் சினை பழுத்திருக்கிறதா என்று பார்த்து, முட்டையை எடுத்துவிட்டு, சால்மனைப் போல் கொல்லாமல் உயிரோடு ஆற்றில் விடுகிறார்களே, அந்த ஊழியர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் கேட்பது தாய்மீனை மாற்றச் சொல்லி. கலிபோர்னியப் பொரிப்பகங்களை ஆராய்ந்த அறிவியல் குழு 2012இல் தந்த அறிக்கையும் அதைத்தான் பரிந்துரைத்தது. பக்கத்து மொகலமி ஆற்றுப் பொரிப்பகமும் ஒரு காலத்தில் நிம்பஸைப் போலவே பட்டியலுக்கு வெளியேதான் இருந்தது. ஃபெதர் ஆற்று மீனுக்கு மாறிய பிறகு, அதே துறை அதை உள்ளே சேர்த்துக்கொண்டது. மொகலமியால் முடிந்தது அமெரிக்கன் ஆற்றால் ஏன் முடியாது என்று ஃபோல்சம்வாசி ஒரு வரியில் பதில் சொல்லட்டும். முன்னோர் பெருமையும் குடியுரிமைக் கிண்டலும் வேண்டாம், ஒரு வரி போதும்.

ஃபோல்சம்வாசி:
ஒரு வரி என்ன, இரண்டு வரியே தருகிறேன். நீங்கள் கொண்டுவரச் சொல்லும் ஃபெதர் ஆற்று மீனும் ஓரோவில் அணைக்கடியில் உள்ள பொரிப்பகத்தில் வளர்ந்ததுதான். ஒரு பொரிப்பகத்து மீனை எடுத்துவிட்டு இன்னொரு பொரிப்பகத்து மீனை விடுவதற்குப் பெயர் மீட்பு என்றால், மாற்றம் நடக்கும் இடைக்காலத்தில் ஆறு வெறுமையாகக் கிடக்கும் ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

ஆற்றோரன்:
ஃபெதர் ஆறு சாக்ரமெண்டோவில் கலக்கிறது. ஈல் ஆறு கலக்கவில்லை. நான் கேட்ட ஒரு வரி இன்னும் வரவில்லை.

ஃபோல்சம்வாசி:
வந்துவிட்டது. படிக்க விருப்பமில்லாதவருக்கு மறுபடி எழுத எனக்கு நேரமில்லை.

ஆற்றோரன்:
நேரமில்லாதவர் இந்த இழையில்தான் இவ்வளவு எழுதியிருக்கிறார். எழுதியதில் ஈல் ஆற்று முட்டையைப் பற்றி ஒரு சொல்லுக்குக்கூட மறுப்பு இல்லை என்பதை மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நீலமலை:
என் கேள்விக்கும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.