மறு: லைன்பேக் என்பதற்குத் தமிழில் என்ன? ‘வழியிருப்பு’ என்று வைக்கலாம்

அண்ணாச்சிக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக ‘லைன்பேக்’ (linepack) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் நிதானமாகப் படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘எரிவாயு’வைத் தொட வேண்டாம். வளி, வளிமம் என்று மாற்றுத் தேடுவது தனி விவாதம். வீட்டுக்கு சிலிண்டர் வந்த காலத்திலிருந்து ஊரே எரிவாயு என்று சொல்லிப் பழகிவிட்டது. ‘இயற்கை எரிவாயு’ என்றால் செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் புரிகிறது. பைப்லைனுக்குக் ‘குழாய்வழி’ என்பதிலும் நமக்குள் பெரிய வழக்கு இல்லை. அந்தக் குழாய்வழிக்குள் அழுத்தத்தோடு அடைந்திருக்கும் எரிவாயுவின் அளவுதான் லைன்பேக். அதற்குப் பெயர் வைப்பதுதான் நம் வேலை.

> ‘வரிப்பொதி’ என்று நேராகப் பெயர்த்தால் என்ன?

வேண்டாம். வரி என்றதும் வீட்டு வரி, தண்ணீர் வரிதான் நினைவுக்கு வரும். பொதி என்றால் மூட்டை. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற பாலிடெக்னிக் பையனுக்கு எரிவாயு என்ற எண்ணமே வராது.

> ‘குழாய்க் கொள்ளளவு’ போதுமே, எளிதாகவும் இருக்கிறது.

பலருக்கும் சட்டென்று தோன்றுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தண்ணீர்க் குழாய்க்கு இந்தச் சொல் சரி. நிறைந்தால் நிறைந்ததுதான், மேலே ஒரு குடம்கூட ஏறாது. எரிவாயு அமுங்கும். ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம். அதே நீளம், அதே விட்டமுள்ள குழாயில் 50 பார் அழுத்தத்தில் இருப்பதைவிட 60 பார் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக அடையும். குழாயின் கொள்ளளவு மாறவில்லை, உள்ளே இருக்கும் சரக்கு மாறிவிட்டது. லைன்பேக் என்பது அந்தச் சரக்கு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நாள் முழுக்க ஏறி இறங்கும்.

எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் உள்விட்டமும் 100 கிலோமீட்டர் நீளமும் உள்ள குழாய்வழி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் இடம் ஏறக்குறைய 28,000 கன மீட்டர். சராசரி அழுத்தத்தை 10 பார் கூட்டினால், வெளிக்காற்றின் அழுத்தத்தில் அளந்து பார்க்கும்போது, சுமார் 2.8 லட்சம் கன மீட்டர் எரிவாயு கூடுதலாக உள்ளே போயிருக்கும். அமுங்கும் தன்மைக்கான திருத்தத்தை விட்டுவிட்டேன், அதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 100 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் ஒன்று, எரிபொருளின் ஆற்றலில் 50 சதவீதத்தை மின்சாரமாக்கும் திறனோடு முழு அளவில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 20,000 கன மீட்டர் எரிக்கும். ஆக, அந்த 10 பார் வித்தியாசத்தை மட்டும் வைத்து ஏறக்குறைய 14 மணி நேரம் அதை ஓட்டலாம். ஒரு தொட்டியும் கட்டவில்லை, ஒரு கிணறும் தோண்டவில்லை. இவ்வளவையும் ‘கொள்ளளவு’ என்ற சொல்லுக்குள் போட்டுப் புதைத்துவிடக் கூடாது.

திருநெல்வேலிக்காரர்கள் இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். எங்கள் பக்கம் குழாய்வழியைவிடக் காற்றாலைதான் கண்ணுக்குத் தெரியும் என்பது உண்மை. காரணமும் அந்தக் காற்றாலைதான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் தென்மேற்குப் பருவக் காற்று பாய்ந்து வரும்போது பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் றெக்கைகள் இரவு பகலாகச் சுழலும். அப்புறம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு காலையில் எல்லாம் அசையாமல் நிற்கும். ‘காத்து விழுந்துட்டு’ என்பார்கள் ஊரில். தோட்டத்து ஓரம் நிற்கிறவருக்கு அது ஒரு வார்த்தை. மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவருக்கோ அடுத்த கால் மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டிய பள்ளம் அது.

எதை வைத்து அடைப்பது? கூடங்குளத்தின் இரண்டு 1,000 மெகாவாட் உலைகளும் ஒரே சீராக ஓடுவதற்கென்று அமைந்தவை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஐந்து 210 மெகாவாட் அலகுகளும் நிலக்கரியில் ஓடுபவை. கொதிகலன் குளிர்ந்துவிட்டால் மறுபடி சூடேற்றி எடுக்கப் பல மணி நேரம் ஆகும். பாபநாசம் புனல் மின்நிலையம் உடனே எழும், ஆனால் அது 32 மெகாவாட்தான். போதாததற்கு அந்தத் தண்ணீரைக் கார் பருவ நெல் சாகுபடிக்குத் திறப்பதா, மின்சாரத்துக்குத் திறப்பதா என்ற கேள்வியும் உண்டு. எரிவாயுச் சுழலி (டர்பைன்) மட்டும் அரை மணி நேரத்துக்குள் முழு வேகம் எடுத்துவிடும். அதன் சூடான புகையில் நீராவி எடுத்து இன்னொரு சுழலியையும் சுழற்றும் கூட்டுச்சுற்று நிலையத்தில் திறன் 60 சதவீதம் வரைகூடப் போகும், கிளம்ப மட்டும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

சரி, சுழலி உடனே கிளம்புகிறது. எரிவாயு உடனே வருமா? லைன்பேக் என்ற கருத்தின் உயிரே இந்தக் கேள்விதான். எண்ணூர் முனையத்தில் கப்பலிலிருந்து இறங்குவது மைனஸ் 162 பாகை செல்சியஸில் திரவமாக்கிய எரிவாயு. திரவமானதால் அறுநூறில் ஒரு பங்கு இடத்தில் அடங்கியிருக்கும். ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் அந்த முனையம் 2019-இல் தொடங்கியது. அங்கே அதைத் திரும்ப வாயுவாக்கிக் குழாய்வழியில் தள்ளினால், பெரிய குழாய்க்குள் அது மணிக்கு முப்பது கிலோமீட்டர் அளவில்தான் நகரும். சென்னைக்கும் நெல்லைக்கும் இடையே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நேர்வழியில் வந்தாலும் இருபது மணி நேரம். அதனால் தென் மாவட்டத்தில் ஒரு சுழலி இன்று காலை எரிப்பது, இன்று காலை எண்ணூரில் கேட்டு வாங்கிய எரிவாயுவாக இருக்கவே முடியாது. ஏற்கெனவே பக்கத்துக் குழாயில் அழுத்தத்தோடு நின்றதைத்தான் எரிக்கிறது. மின்சாரத்தை உண்டாக்கிய நொடியே செலவழிக்க வேண்டும். எரிவாயுவோ நிற்கும், காத்திருக்கும். இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவே நின்று தாங்குவது லைன்பேக்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடுங்குளிரில் எரிவாயுக் கிணறுகளின் வாய் உறைந்தது. மின்வெட்டில் எரிவாயுவை அழுத்தித் தள்ளும் நிலையங்கள் சிலவும் நின்றன. குழாய்வழிகளில் அழுத்தம் சரிந்ததும் எரிவாயு மின்நிலையங்கள் படுத்தன, அதனால் மின்வெட்டு இன்னும் பெருகியது. சுழலிக்குள் நுழையும்போது எரிவாயுவுக்கு இவ்வளவு அழுத்தம் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே போனால் குழாய்க்குள் லட்சக்கணக்கான கன மீட்டர் கிடந்தாலும் பயன் இல்லை. அப்படியானால் நாம் வைக்கும் சொல் ‘குறைந்தபட்ச’, ‘பயன்படத்தக்க’ போன்ற அடைகளையும் தாங்க வேண்டும்.

> ‘குழாய்ச் சேமிப்பு’ என்றால் பயன் சட்டென்று விளங்குமே.

விளங்கும், ஆனால் சேமிப்பு என்ற சொல்லை வேறு இடத்துக்கு வைத்திருக்க வேண்டும். முனையத்துத் தொட்டி, எடுத்து முடித்த எண்ணெய் வயல், உப்புப் படிவக் குகை என்று எரிவாயுவை மாதக்கணக்கில் போட்டுவைக்கும் இடங்கள் உலகில் இருக்கின்றன. அவைதான் சேமிப்பு. நாம் பேசுவது மணிக்கணக்கில் ஏறி இறங்குவது.

> ‘குழாயிருப்பு’ – என் பரிந்துரை இது. அடித்துத் திருத்துங்கள்.

அண்ணாச்சி, அடிக்க மனம் இல்லை, பாதி உங்களுடையதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ‘இருப்பு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. நெல்லைப் பதிப்புச் செய்தித்தாள்களில் அணை நிலவரம் வருகிறதே, அதைப் பாருங்கள். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று உச்ச மட்டத்தைப் போட்டு, பக்கத்தில் இன்றைய மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், நீர் இருப்பு என்று கொடுப்பார்கள். டீக்கடையில் நிற்கிற விவசாயி அதைப் பார்த்ததும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவார். குழாய்வழியின் கணக்கும் இதே கணக்குதான். ஒரு முனையில் வரத்து, மறுமுனையில் வெளியேற்றம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இருப்பில் ஏறும் அல்லது இறங்கும். அணையில் மட்டம் பார்க்கிறோம், இங்கே அழுத்தம் பார்க்கிறோம். வரத்து, வெளியேற்றம் இரண்டையும்கூட அப்படியே எடுத்துக்கொள்ளலாம், புதிதாக எதுவும் தேட வேண்டாம்.

இடிப்பது முன்பாதிதான். ‘குழாய் இருப்பு எவ்வளவு?’ என்று இரும்புக்கடையில் கேட்டால் எத்தனை குழாய் கிடக்கிறது என்றுதான் எண்ணிச் சொல்வார்கள். திட்டக் கிடங்கிலும் அதே குழப்பம் வரும், அங்கே வெறும் குழாய்கள் நிஜமாகவே அடுக்கிக் கிடக்கும். ‘உள்ளிருப்பு’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார், அதைப் போராட்டக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே என் பரிந்துரை ‘வழியிருப்பு’. குழாய்வழியிலிருந்து வழி, அண்ணாச்சியிடமிருந்து இருப்பு. ஒரு பாடத்தில் முதல்முறை வரும்போது ‘குழாய்வழி இருப்பு’ என்று விரித்து எழுதிவிட்டு, அதன்பின் வழியிருப்பு என்று போய்க்கொண்டே இருக்கலாம். லாரியில் வந்துகொண்டிருக்கும் சரக்கைக் கணக்கர்கள் இப்படிச் சொல்லக்கூடுமே என்று ஒரு தடை எழலாம். எனக்கு அது தடையாகப் படவில்லை. இதுவும் போய்க்கொண்டே இருக்கிற சரக்குதான், வழியில் இருப்பதாலேயே இருப்பாகிறது.

எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சோதித்தேன். ‘நாளைக் காலை காற்று குறையும் என்ற முன்கணிப்பால் இரவிலேயே வழியிருப்பைக் கூட்டிவைத்தார்கள்.’ ‘சூரியன் சாய்ந்ததும் இரண்டு சுழலிகளைக் கிளப்பியதில் வழியிருப்பு குறைந்தது, ஆனால் குறைந்தபட்ச வரம்பைத் தொடவில்லை.’ ‘இந்தப் பகுதியின் பயன்படத்தக்க வழியிருப்பு எத்தனை மணி நேரத்துக்குப் போதும்?’ மூன்றும் தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் தனித்தனிப் பெயர்ச்சொல் கேட்டிருந்தீர்கள். கூட்டு, குறை, எடு என்ற வினைகள் கையில் இருக்கும்போது அதற்கென்று புதுச் சொல் கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சொல்பட்டியலில் ஒரு பிழையையும் திருத்திவிடுங்கள். தமிழ்நாட்டின் எரிவாயு மின்நிலையங்களில் வழுதூர், கோவில்களப்பால் பெயர்களோடு ‘குற்றாலம்’ என்று ஏறியிருக்கிறது. அது மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலம். நம் அருவிக்கரையில் அப்படி ஒன்றும் இல்லை.

இன்னொன்று, என் மனதை அரிப்பது. நாட்டின் ஆற்றலில் எரிவாயுவின் பங்கை 2030-க்குள் 15 சதவீதமாக்க வேண்டும் என்பது அரசின் இலக்கு. இப்போது அது ஏழு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஏறத்தாழ 25,000 மெகாவாட் அளவுக்கு எரிவாயு மின்நிலையங்களைக் கட்டிவைத்துவிட்டு, கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் எதிர்பார்த்த எரிவாயு கிடைக்காமல் அவற்றில் பலவற்றைச் சும்மா நிறுத்தியும் வைத்திருக்கிறோம். இலக்கை எட்ட வேண்டுமென்றால் இன்னும் பல ஊர்களின் வயல் வழியாகக் குழாய் போகும். பெட்ரோலிய, கனிமக் குழாய்வழிகளுக்கான 1962-ஆம் ஆண்டின் சட்டப்படி நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும், அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் நிறுவனத்துக்குப் போகும். குழாய் போகும் அந்த நிலப்பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம் இழப்பீடு. ஒரு தென்னந்தோப்புக்காரருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! அவர் கையில் கிடைக்கும் அறிவிப்பு, அவரே படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் இருந்தாக வேண்டும். ‘நிலப் பயன்பாட்டு உரிமை’ என்று எழுதினால் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை தனக்குக் கிடைப்பதாகக்கூட அவர் நினைத்துவிடலாம். வழியிருப்பைவிட அவசரமானது இந்த உரிமைக்குச் சரியான ஒரு சொல். அண்ணாச்சி, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். அந்த உரிமையை யார் யாருக்குத் தருகிறார் என்பது சொல்லிலேயே தெரிகிற மாதிரி வேண்டும்.

வழியிருப்புக்கு வரையறை இப்படி இருக்கட்டும்: ‘ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குழாய்வழியின் குறிப்பிட்ட பகுதிக்குள், அப்போதைய அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் அடங்கியிருக்கும் எரிவாயுவின் மொத்த அளவு.’ வெப்பநிலையை யாரும் விட்டுவிட வேண்டாம். மறுப்பு இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து