இணையத்தில் வாங்கிய இன்சுலின் சூடாக வந்திருக்கிறது, அம்மாவுக்குப் போடலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கும் என் அம்மாவுக்கு 68 வயது ஆகிறது. ஒன்பது ஆண்டுகளாக 30/70 கலவை இன்சுலினைக் (விரைவாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது) காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட் போட்டுக்கொள்கிறார். வழக்கமாக வாங்கும் கடையில் இருப்பு இல்லை என்று சொல்லிவிட்டதால், விலையைக் குறைத்துக் காட்டிய ஓர் இணையதளத்தில் இரண்டு குப்பிகளுக்குப் பணம் கட்டினேன். மருந்துச்சீட்டை அவர்கள் கேட்கவே இல்லை. மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அம்மாவின் வயதையும் மருந்தின் பெயரையும் கேட்டு, ஒரு நிமிடத்துக்குள் பேச்சை முடித்துவிட்டார். பிறகு அவர்களே ஒரு சீட்டை அனுப்பினார்கள்.

பொட்டலம் சனிக்கிழமை ஊருக்கு வந்து, ஞாயிறு முழுவதும் கூரியர் அலுவலகத்திலேயே கிடந்து, இன்று மதியம்தான் கைக்குக் கிடைத்தது. இது கத்திரி வெயில் காலம். தெர்மகோல் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பை முழுவதும் தண்ணீராகி, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. குப்பியின் மேல் '10 மி.லி., ஒரு மி.லி.க்கு 100 யூனிட்' என்று இருக்கிறது. பழைய குப்பியில் 40 என்று பார்த்த நினைவு. பெயரும் 30/70 என்பதும் ஒன்றாகவே இருந்ததால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழையதில் இன்றிரவுக்கு மட்டுமே மருந்து மிச்சம் இருக்கிறது. புதியதை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்த பிறகு போடலாமா?

மறுமொழி: மருந்தாளுநர், மதுரை

தயவுசெய்து போடாதீர்கள். நீங்கள் வெப்பத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பயமாக இருப்பது அந்த 100 என்ற எண்தான். அம்மா பயன்படுத்தும் சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்று உடனே பாருங்கள். நம் ஊரில் 40 யூனிட் குப்பிக்கான சிரிஞ்சு சிவப்பு மூடியோடும், 100 யூனிட்டுக்கானது ஆரஞ்சு மூடியோடும் வரும். சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மி.லி.; அது ஒரு மி.லி.க்கு 40 யூனிட் மருந்தாக இருக்கும்வரை 20 யூனிட்தான், ஆனால் உங்கள் கையில் இருக்கும் குப்பியிலிருந்து இழுத்தால் அதே அரை மி.லி.யில் 50 யூனிட் இருக்கும். இரவு 12 கோடு வரை இழுத்தால் 30 யூனிட் உடம்புக்குள் போகும். தூக்கத்தில் சர்க்கரை அந்த அளவுக்கு இறங்கினால், வேர்த்துக் கொட்டுவதையும் நடுங்குவதையும் பக்கத்தில் படுத்திருப்பவர்கூடக் கவனிக்காமல் போகலாம்.

இன்றிரவு பழைய குப்பியிலிருந்தே போடுங்கள். அதே சமயம், மருந்து இல்லை என்பதற்காக நாளைக் காலை வேளையை விட்டுவிடவும் கூடாது. விடிந்ததும் பழைய குப்பி, சிரிஞ்சு, சர்க்கரை நோய்க்கான நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே இன்சுலின் இலவசமாகவே கிடைக்கும்.

மறுமொழி: மருந்துக் குளிர்கிடங்கில் பணிபுரிபவர், கோவை

வெப்பத்தைப் பற்றி நான் சொல்கிறேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். திறந்த பிறகு பெரும்பாலான குப்பிகளை 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் பயன்படுத்தலாம். சரியான வெப்பநிலையும் நாட்களும் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் பெட்டி இரண்டு நாள் இருந்த அறை எத்தனை டிகிரியில் இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. கெட்டுப்போன வீரியம் மறுபடி குளிரவைப்பதால் திரும்பி வராது.

கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம் என்றும் நினைக்க வேண்டாம். கலவை இன்சுலின் உருட்டிக் கலந்தால் பால்போல வெளுத்திருக்கும். அதில் கட்டி மிதந்தாலோ, கண்ணாடியின் உட்புறம் உறைபனிபோலப் படிந்திருந்தாலோ நிச்சயமாகக் கெட்டுவிட்டது. ஆனால் பார்க்க ஒழுங்காக இருப்பதாலேயே நல்லது என்று ஆகிவிடாது. ஐஸ் பையோடு குப்பி நேராக ஒட்டிக்கொண்டு உறைந்துபோவதும் இதே அளவுக்குக் கேடுதான், அதையும் பொட்டலம் கட்டும்போது நிறையப் பேர் கவனிப்பதில்லை. மின்சாரம் நிற்கும் நாட்களில், பயன்பாட்டில் இருக்கும் குப்பியை ஈர மணலுக்குள் வைத்த மண்பானையில் என் பாட்டி பாதுகாத்து வந்தார்; உங்கள் அம்மாவுக்கும் அது உதவும்.

கேள்வி கேட்டவர்

சிவப்பு மூடிதான். சிரிஞ்சின் உடம்பிலும் 40 என்றே இருக்கிறது. இதைப் படித்த பிறகு கை நடுங்கிவிட்டது, அம்மா இரவு சாப்பாட்டுக்கு முன் புதிய குப்பியைத்தான் கையில் எடுத்து வைத்திருந்தார். பழையதையே போட்டுவிட்டோம்.

பில்லையும் இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அதில் இணையதளத்தின் பெயர் மட்டும் இருக்கிறது, கடையின் பெயரோ உரிம எண்ணோ இல்லை. பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் குப்பியின் மேல் உள்ள எண்ணும் வேறு வேறு. குளிர்சாதன மருந்துகளைத் திருப்பி எடுப்பதில்லை என்று பதில் அனுப்பியிருக்கிறார்கள்.

மறுமொழி: மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்

குப்பிகளை எறிந்துவிடாதீர்கள். பெட்டி, ஐஸ் பை, பில், அவர்கள் அனுப்பிய சீட்டு அனைத்தையும் படம் எடுத்து, குப்பிகளை யாரும் தவறி எடுத்துவிடாதபடி ஒரு பைக்குள் கட்டி, 'போடக் கூடாது' என்று எழுதி ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள்.

இணையதளம் என்பது மருந்து விற்பவர் அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இணைய மருந்து விற்பனைக்காக 2018 ஆகஸ்டில் வெளியான விதிகள் வரைவாகவே நின்றுவிட்டதால், பழைய 1940ஆம் ஆண்டுச் சட்டமும் 1945ஆம் ஆண்டு விதிகளும்தான் இன்றும் பொருந்துகின்றன. அவற்றின்படி மருந்தைத் தருவது, படிவம் 20, 21 உரிமம் பெற்ற, பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்கும் ஒரு கடையாகத்தான் இருக்க முடியும். இன்சுலினுக்குப் படிவம் 21 உரிமம் கட்டாயம். அந்தக் கடையின் பெயர், முகவரி, உரிம எண் மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். அவை இல்லாத பில்லைக் கொண்டு, மருந்தில் தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது? தொலைமருத்துவச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2020 வழிகாட்டுதல்; உங்களிடம் வந்த சீட்டில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணத்துக்காக 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளியுங்கள். இணைய வணிகத்துக்கான 2020 விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பேட்ச் எண் மாறியிருப்பதை மட்டும் அதோடு விட்டுவிடாதீர்கள்; உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அதே பேட்ச் வேறு யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று தேட அவரால்தான் முடியும்.

கேள்வி கேட்டவர்

காலையில் அரசு மருத்துவமனையில் 40 யூனிட் குப்பி கொடுத்துவிட்டார்கள். செவிலியர் அம்மாவின் கையிலேயே சிரிஞ்சைக் கொடுத்து, குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் உரக்கப் படிக்கச் சொன்னார். சீட்டில் பதிவு எண் இல்லை, ஒரு கையெழுத்து மட்டுமே இருக்கிறது. ஆய்வாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். குப்பிகளை நாளை நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.